பெரியம்மா இட்ட முதல் வளையல்

2006ஆம் ஆண்டு ஆவணி மாதம், இராமேஸ்வரத்தில் என் கணவர் வீட்டார் நடத்திவந்த யாத்திரிகர் விடுதியின் கூடத்தில் எனக்கு வளைகாப்பு நடந்தது. அன்று நிகழ்ந்ததைச் சொல்லுமுன், அதற்குச் சில மாதங்கள் முந்தைய செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் என்னும் மரபணு மாறுபாடு. முதுகுளத்தூரில் எங்கள் பெற்றோருடன் வாழ்கிறாள். நாக்கு சற்றுக் குழறும், ஆயினும் வாயாடி. நான் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, இராமநாதபுரத்து மருத்துவர் என் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, குழந்தையும் அக்காவைப் போலப் பிறக்கும் வாய்ப்புச் சற்று மிகுதி என்றார். மதுரைக்குச் சென்று கருப்பை நீரை எடுத்துச் சோதித்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமாம். “பயப்படாதீங்கம்மா, இன்னும் நாள் இருக்கு” என்று அவர் ஆறுதலாகச் சொன்னபோதுதான், கருவைக் கலைக்கத்தான் நாள் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

சோதனை வேண்டாம் என்றேன். அதைச் செய்துகொள்ளும் தாய்மாரை நான் குறை சொல்லேன். அவரவர் நிலை அவரவர்க்கே தெரியும். ஆனால், அக்காவைப் போன்ற ஒருத்தி பிறந்திருக்கவே வேண்டாம் என்று சொல்ல, அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த என்னால் இயலவில்லை. மறுநாள் என் கணவர், “எப்படி வந்தாலும் நம்ம புள்ளைதானே” என்றார். மாமியாரின் அச்சம் மட்டும் தணியவில்லை.

கர்ப்பிணி யாரை அடிக்கடி பார்க்கிறாளோ, பிள்ளை அவர் சாயலில் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே வளைகாப்பன்று, பட்டுடுத்திப் பேருந்தில் பாலம் கடந்து வந்த அக்காவை மாமியார் மாடி அறையில் அமர்த்திவிட்டார்.

கன்னத்தில் சந்தனம் பூசி, முதல் வளையலோடு மாமியார் குனிந்தார். நான் கைகளை மடியில் கட்டிக்கொண்டேன்.

“அத்தை, அக்கா வரட்டும்.”

“அவ மேல டிவி பாத்துக்கிட்டு இருக்கா. கையை நீட்டு தாயி, நல்ல நேரம் போகுதுல்ல.”

“அவ வராம நீட்ட மாட்டேன்.”

“டாக்டர் சொன்னதையே கேக்காதவ, நம்ம சொன்னாத்தேன் கேக்கப் போறாளாக்கும்!” என்றார் மாமியாரின் தங்கை.

என் கணவர் மாடியேறிச் சென்று அக்காவை அழைத்து வந்தார். அவள் இடுப்பில் கைவைத்துக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

“பெரியம்மா இல்லாம என்ன காப்பு? நல்லாருக்கே ஒங்க ஞாயம்!”

பெண்கள் சிலர் சிரித்துவிட்டனர். மாமியார் தடுமாறினார். “ஒன்னையச் சொல்லலத்தா. புள்ள நல்லபடியா வரணும்னுதேன்...”

“நான் நல்லாத்தானே இருக்கேன்?”

அவள் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். மாமியார் தம் கையிலிருந்த வளையலைத் தட்டில் வைத்து, அந்தத் தட்டை அவள் கையிலேயே கொடுத்தார்.

அக்கா என் கையில் வளையலை ஏற்றிவிட்டு, வயிற்றருகே குனிந்து, “ஏலே, பெரியம்மா வந்துட்டேன்” என்றாள்.

“ஆம்பளப் புள்ளைன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று மாமியாரின் தங்கை சீண்டினார்.

“தெரியாது. எது வந்தாலும் நான்தேன் பெரியம்மா.”

இதைக் கேட்போர் அனைவரும், குழந்தை எப்படிப் பிறந்தது என்று தவறாமல் வினவுகின்றனர். நான் விடை சொல்வதில்லை. குறையின்றிப் பிறந்தது என்றால், தப்பித்தாய் என்பார்கள். அக்காவைப் போலப் பிறந்தது என்றால், அன்றே சொன்னோமே என்பார்கள். இவ்விரண்டில் எதுவும், அன்று அக்கூடத்தில் என் அக்கா, ‘நான் நல்லாத்தானே இருக்கேன்?’ என்று கேட்டதற்கு விடையாகாது.