கெளுத்தி முள்ளும் குளத்து வெல்லமும்

வீங்கிக் கறுத்த என் வீட்டுக்காரரின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வலை இழுக்கிற கை அது. அது போனால் எங்களுக்குக் கடலும் இல்லை, ஏரியும் இல்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வாட்ச்மேன் வேலைகூட ஒற்றைக் கைக்காரனுக்குத் தரமாட்டார்கள். தை அமாவாசை முடிந்து வருகிறோம் என்று கெஞ்சிவிட்டு ஊர் திரும்பினோம். எழுபதுகளில் நடந்தது இது.

இறால் காலத்தில் பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு ஒரு நாள் விழும். அதைப் பாடு என்போம். தன் நாளில் வலை கட்டாதவனின் பாடு அடுத்த சீட்டுக்காரனுக்குப் போய்விடும். அந்த வருஷம் எங்களுக்கு விழுந்தது தை அமாவாசை. இருட்டில்தான் இறால் நிறைய விழும், அதைவிட நல்ல நாள் கிடையாது. எங்களுக்கு அடுத்த சீட்டு கன்னியப்பன், என் வீட்டுக்காரரின் பங்காளி.

சீட்டு விழுந்த வாரமே கை வீங்கியது. எங்கள் வலைக் கம்பத்தடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. எனக்கு அது போதும். கன்னியப்பன்தான் ஏவல் வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். தினமும் வந்து நோவு இறங்கியதா என்று விசாரிப்பான். இல்லை என்றதும் அவன் முகம் மலர்கிறதா என்று நான் பார்ப்பேன். அவன் அரைத்துக் கொடுத்த பச்சிலையை நாய்கூட மோந்து பார்க்காத இடத்தில் புதைத்தேன்.

உள்ளங்கை கறுக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம், அவரும் அப்படிச் சொல்லிவிட்டார். இனி திருவள்ளூர் வீரராகவப் பெருமாள்தான் கதி. நோய் தீர அமாவாசையன்றுதான் அங்கே போவார்கள். ஆனால் அன்று போனால் பாடு போய்விடும். அதற்கும் கன்னியப்பனே வழி சொன்னான்.

"அண்ணி, நீ அண்ணனை இட்டுக்கினு போ. உங்க வலைய எத்துக்கினு போய் உங்க பேர்லயே நான் கட்றேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்தேன். வேறு வழியில்லை, புறப்பட்டோம்.

திருவள்ளூரில் வெல்லம் விற்றவனையும் நான் நம்பவில்லை. மண் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். குளத்தில் வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையும் என்பார்கள். படியில் இறங்கி வெல்லத்தைத் தண்ணீரில் விட்டபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெருமாளே, இந்தக் கையைக் காப்பாற்று, இதை யார் செய்தது என்றும் காட்டு என்று வேண்டினேன். இரண்டாவதைத்தான் சத்தமாகக் கேட்டேன்.

அவர் கையைத் தண்ணீரில் அமிழ்த்தியபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வீக்கம் உடைந்தது. சீழோடு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தேன். ரம்பம் மாதிரிப் பல் வைத்த கெளுத்தி மீன் முள், நகம் அளவு துண்டு.

"இதுவா? மார்கழில குத்துச்சே. அப்பவே வந்துடுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் அவர்.

மீன் முள் குத்தாத கை எங்கள் ஊரில் ஏது? அதனாலேயே முள்ளை யாரும் நினைக்கவில்லை. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைக் கழுவி மருந்து கட்டினார்கள். இனிக் கையை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் ஊர் திரும்பியபோது எங்கள் வாசலில் ஈரத்துணி மூடிய கூடைகள் இருந்தன. அடியில் பாசியை அடைத்திருப்பானோ என்று கைவிட்டுக் கிளறினேன். அடிவரை இறால். கன்னியப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். அன்று அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

சந்தேகம் என் பிறவிக் குணம். அது போய்விட்டது என்று சொன்னால் பெருமாளே நம்பமாட்டார். ஆனால் யார்மேலாவது ஏவல் பழி போட நாக்கு எழும்போது அந்த முள் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் வயசாகி ஓயும்வரை அந்தக் கையால்தான் வலை இழுத்தார். எத்தனை கூடை வெல்லம் கரைத்தாலும் அதற்கு ஈடாகாது.

நம்பிக்கை நிறைந்தவர்கள்தான் அந்தப் பெருமாளிடம் போக வேண்டும் என்றில்லை. என்னைப்போல் ஊரையே சந்தேகப்படுகிறவர்களும் போகலாம். கேளுங்கள், காட்டுவார். அந்த எலுமிச்சம்பழத்தை யார் வைத்தது என்பதை மட்டும் எனக்கு இன்னும் காட்டவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.