பட்டனுக்குத் தைத்த கோட்டு

இன்னாசிமுத்து தாராவியில் எங்கள் சந்து டெய்லர். வீடும் கடையும் ஒரே அறை. அதில் அவர், அவர் மனைவி இருதயமேரி, தையல் மிஷின், அப்புறம் பட்டன். பட்டன் ஒரு குட்டி வெள்ளை நாய். உடம்பு கொஞ்சம், முடி ஏராளம். பிள்ளை இல்லாத மனிதருக்கு அதன்மேல் உயிர்.

1961 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. ரயில்வே குமாஸ்தா தளவாய் அண்ணாச்சி புதுக் கோட்டோடு வந்து கத்தினார். சாம்பல் நிறக் கட்டம் போட்ட கோட்டு. மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ளத் தைத்தது. அது முழுக்க வெள்ளை முடி. தோள்பட்டை வேறு இழுத்தது.

"மிச்சத் துணி எங்கவே?"

"ஒரு சாண்கூட மிஞ்சல அண்ணாச்சி."

எந்த டெய்லர்தான் மிஞ்சியது என்று சொல்லியிருக்கிறார்?

தோளைச் சரிசெய்யக் கோட்டைக் கொடுத்துவிட்டு அவர் போனதும் இருதயமேரி தீர்ப்புச் சொன்னாள். "நாளைக்கு நான் பூசைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள அதுக்கு முடிய வெட்டிரணும். இல்ல, தாதர் டிராம்ல ஏத்தி வுட்ருவேன்."

சொன்னால் செய்வாள். மறுநாள் காலை இன்னாசிமுத்து நாயைக் குளிப்பாட்டித் துவட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒத்தாசைக்குப் போன நான் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டேன். பாவத்தில் எனக்கும் பங்குண்டு. டேப்பால் அளந்தார். நீலச் சாக்கட்டியால் கோடு போட்டார். இடப்பக்கம் அழகாக வெட்டினார். வலப்பக்கம் ஒரு விரல் குறைந்துவிட்டது. அதற்குச் சரியாக இடப்பக்கத்தையும் வெட்டினார். அது இன்னும் குறைந்தது. துணியென்றால் இரண்டாக மடித்து ஒரே வெட்டில் முடித்திருப்பார். பட்டனை மடிக்க முடியவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரு பெருச்சாளி, அங்கங்கே நீலக்கோடுகளுடன்.

பூசை முடிந்து வந்த இருதயமேரி அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பட்டன் மிஷினுக்கு அடியில் போய் வெடவெடவென்று நடுங்கியது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெட்டச் சொன்னா உரிச்சா வைப்பிய?" என்று புருஷனை ஏசிக்கொண்டே துணிமூட்டையைக் குடைந்தாள். கைக்கு வந்ததை எடுத்து, நாலு கால்களுக்கும் ஓட்டை விட்டு, அரைமணியில் தைத்துப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் தளவாய் அண்ணாச்சி வந்தார். கோட்டைப் போட்டுப் பார்த்தார். தோள் இன்னும் இழுத்தது. அந்த நேரம் பார்த்துப் பட்டன் வெளியே வந்தது, சாம்பல் நிறக் கட்டம் போட்ட கோட்டில். அண்ணாச்சி நாயைப் பார்த்தார். தன் கோட்டுக் கையைப் பார்த்தார். இன்னாசிமுத்து கூரையைப் பார்த்தார்.

"அரே, நாய்க்கு மட்டும் தோளு எப்படிவே இம்புட்டுக் கச்சிதமா உக்காந்திருக்கு?"

"அது... இவ தச்சது, அண்ணாச்சி."

"அப்பம் என் கோட்டையும் அவளே பிரிச்சித் தைக்கட்டும். நாய் மேல கெடக்க என் துணியக் கழட்டுங்க."

இருதயமேரி பட்டனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உங்க கோட்ட நாளைக்கே தச்சித் தாரேன், அண்ணாச்சி. இதைக் கேக்காதிய. பிள்ளைக்கு முடி வளரட்டும்."