பார்க்க வந்தவர்கள் வைத்துப்போன அப்பிள்

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அவர். மிளகு பறித்துக் கறுத்த விரல்கள். பார்க்க வந்தவர்கள் வைத்துப்போன அப்பிள்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பையில் போட்டுக்கொள்வார். கணவருக்குக் குடியால் ஈரல் கெட்டிருந்தது. இனி வைத்தியம் இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில வாரம் கழித்து, பல்லேபொல பஸ்ஸில் பொட்டில்லாத நெற்றியோடு அவரைக் கண்டேன்.

“கடைசியா குடிக்கணும்னு கெஞ்சினாருங்க. கசிப்புச் சாராயம் வாங்கிக் குடுக்க மனசு வரல. அந்த அப்பிளையே சீனி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வச்சேன்.”

“குடிச்சாரா?”

“தொண்டையில எறங்கல. ‘நீ குடி’ன்னாரு. அந்த வாடைக்கே எனக்குக் கொமட்டும். அவரு பாக்கப் பாக்க ஒரு கிளாஸ் குடிச்சேன். சிரிச்சாருங்க.”

பலாபத்வலயில் இறங்கிப் போனார். அந்தச் சிரிப்பு நன்றியா, குடிகாரனின் வெற்றியா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.