இரண்டேகால் மணி இரைச்சல்

முத்தியால்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் உள்ள எழுத்துகளைக் காட்டி, "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்பது என் வேலை. மதியம் ஒன்றரைக்குக் கடையை மூடினால் நாலரைக்குத்தான் திறப்போம். அந்த நேரத்தில் தெருவே தூங்கும். நான் மட்டும் என் வீட்டு மாடி அறையில் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இதில் எப்படி விழுந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் லென்ஸ் தயாராகும்வரை பேசிக்கொண்டிருந்தார். தேர்வு எழுதி உரிமம் வாங்கினால் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து ஊர் உலகத்தோடு பேசலாம் என்றார். சும்மா தலையாட்டினேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உரிமம் வந்ததும் டெம்போ ஓட்டும் என் கணவர் தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படிக் கூரைக்கும் நடுவில் ஆன்டெனா கம்பியைக் கட்டிக் கொடுத்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் சொன்னார்: "கடையில தெரியுதா தெரியுதாங்கற. வூட்டுக்கு வந்தா கேக்குதா கேக்குதாங்கற. அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்று எனக்கும் பட்டது. மதியத்தில் ஒரு சிறு குழுவாகப் பேசுவோம். மதுரைப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவு மாதிரி ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். நான் அவருக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறேன் என்று அவர் சொல்வார். அவர் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என்று நான் சொல்வேன். பிறகு அடுத்தவர். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமலும் இருக்க முடியவில்லை.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் அந்த இரைச்சல் தொடங்கியது. தினமும் சரியாக இரண்டேகால் மணிக்கு ரேடியோவில் கர்ர்ரென்று ஒரு சத்தம் எழும்பும். ஆசிரியரின் குரல் அதற்குள் மூழ்கிப்போகும். நாலு மணிக்குத் தானாக நிற்கும். கம்பியை மாற்றிக் கட்டினோம். வீட்டு மின்சாரத்தை மொத்தமாக அணைத்து பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்து வருகிறது. எங்கிருந்து?

ஒரு புதன்கிழமை மதியம் கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். வீடு வீடாக அதைச் சுவரோரம் நீட்டிக்கொண்டே நடந்தேன். இரைச்சல் சில இடங்களில் கூடியது, சில இடங்களில் குறைந்தது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. ஏழாவது வீட்டு ஜன்னலுக்கு அருகில் டிரான்சிஸ்டர் அலறியது.

அது மீன் விற்கும் ஒரு அம்மாளின் வீடு. விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பார். மறுபடி சாயங்காலம் தெருமுனையில் உட்காருவார். அவர் கணவர் விசைப்படகில் போகிறவர். எங்களில் யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாததால் இருவருமே மற்றவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"என்னாக்கா, என்னா தேடறீங்க?"

அவருக்குப் பின்னால் சுவரோரம் எலக்ட்ரானிக் தராசு சார்ஜில் போட்டிருந்தது. சாயங்கால விற்பனைக்காக. எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"உங்க தராசுதாங்க்கா கோளாறு பண்ணுது."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

"தராசுல கோளாறா? யாரு சொன்னது?"

"இல்லக்கா, தராசு இல்ல, அதோட அடாப்டரு… அதுலேருந்து அலை வந்து…"

"பதினஞ்சு வருசமா யாவாரம் பண்றேன். ஒரு ஆளு இதுவரைக்கும் எடை கொறையுதுன்னு சொன்னது கெடையாது. மிஷின எடுத்துக்கினு வந்து செக் பண்றீங்களா?"

கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் கடைக்குப் போவதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது. எடையில் ஏமாற்றும் தராசைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை நான் வைத்திருக்கிறேனாம். அரசாங்கமே எனக்கு அதற்கு உரிமம் கொடுத்திருக்கிறதாம். உரிமம் கொடுத்தது என்னவோ உண்மைதானே, இதை எப்படி மறுப்பது என்று குழம்பினேன். மளிகைக் கடைக்காரர் என்னைக் கண்டதும் தாமாகவே ஒரு பிடி பருப்பு கூடப் போட்டார். வேண்டாம் என்றால் பயந்தார். வாங்கிக்கொண்டால் நானே லஞ்சம் வாங்கினவள் ஆகிவிடுவேன் போலிருந்தது. பருப்பைத் திரும்பக் கொட்டிவிட்டு ஓடி வந்தேன்.

மூன்று நாள் அந்த அக்கா என்னோடு பேசவில்லை. நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தராசை அதன் அடாப்டரோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு இரும்பு எடைக்கல்லோடு வந்து நின்றார்.

"ஒரு கிலோ கல்லுக்கா இது. வச்சிப் பாருங்க. உங்க மிஷின்லயும் பாருங்க. வாங்க வர்றவங்க என்னை ஒரு மாரியா பாக்கறாங்க."

கல்லை வைத்தேன். தராசு சரியாக ஒரு கிலோ காட்டியது. பிறகு ரேடியோவைப் போட்டேன். ஆசிரியரின் குரல் தெளிவாக வந்துகொண்டிருந்தது. அடாப்டரைச் சொருகினேன். கர்ர்ர். பிடுங்கினேன். குரல் திரும்பி வந்தது. இன்னொரு தரம் சொருகினேன். அவரே குனிந்து பிடுங்கினார். மறுபடி சொருகினார். பிடுங்கினார். ஐந்தாறு முறை அப்படிச் செய்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப தராசு சரி."

"தராசு சரிதாங்க்கா."

"அத தெருவுல வந்து சொல்லுங்க."

இறங்கிப் போய்ச் சொன்னேன். மின்காந்த அலை என்று தொடங்கி பாதியில் நானே தடுமாறினேன். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. தராசு சரி என்பதைக் கடைசியில் உரக்கச் சொன்னேன். அது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

மறுபடி மாடிக்கு வந்தால் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கா இவங்கல்லாம்?"

"தெரியாதுக்கா. நேர்ல பாத்தது இல்ல."

"என்னா பேசுவீங்க?"

"நல்லா கேக்குதான்னு கேப்போம்."

"கேக்குதுன்னா?"

"கேக்குதுன்னு சொல்லுவாங்க."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. படகு முதலாளி வீட்டில் ஒரு வயர்லெஸ் செட் இருக்கிறதாம். காற்று அடிக்கும் நாட்களில் படகில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம். ஒருமுறை இரண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் இரைச்சலுக்குள் அவர் கணவரின் குரல் கேட்டது.

"என்ன சொன்னாரு?"

"வலை அறுந்துபோச்சுன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

ஆறுதல் சொல்வதா, ஆள் வந்துவிட்டாரே என்று சந்தோஷப்படுவதா? ரேடியோவின் குமிழைத் திருப்பினேன். ஆசிரியர் யாரையோ கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்தார். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. அக்கா தலையைச் சாய்த்தார்.

"ஒரு பொம்பள பேசுது. நாகர்கோவில்ங்குது."

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "நிச்சயமாவா?" என்றேன். "இன்ஜின் சத்தத்துக்குள்ள கேட்டுப் பழக்கம்க்கா" என்றார். ஆசிரியருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் மைக்கை எடுத்து, நாகர்கோவிலில் இருந்து பேசும் நிலையம் எங்களுக்குக் கேட்கிறது என்றேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் அடையாளமாக ஓர் அழைப்புக்குறி உண்டு; அக்கா கேட்டுச் சொன்ன அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அந்தப் பெண் மெதுவாக மறுபடி சொன்னார். இந்த முறை எனக்கும் லேசாகக் கேட்டது. நாகர்கோவில்தான்.

"நானும் பேசலாமா?" என்று அக்கா கேட்டார்.

"உரிமம் இல்லாதவங்க பேசக் கூடாதுக்கா."

"கேக்கலாமா?"

"கேக்கலாம்."

அன்றிலிருந்து மதியங்களில் அவர் வரத் தொடங்கினார். என் கணவர் வேறு அடாப்டர் வாங்கி வந்து மாற்றிக் கொடுத்தார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. அக்காவோடு மார்க்கெட்டில் உட்காரும் வேறு இருவரும் சில நாட்கள் வந்தார்கள். பாயில் படுத்தபடி ரேடியோ கேட்பார்கள். பேசும் உரிமம் எனக்கு இருந்தது. காது அவர்களிடம் இருந்தது. "இப்பெல்லாம் உங்களுக்கு ரொம்பத் தொலைவுல உள்ளவங்கல்லாம் கேக்குதே, ஆன்டெனாவை மாத்துனீங்களா?" என்று ஆசிரியர் விசாரித்தார். எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டுச் சொல்கிறார் என்றேன். அவருடைய அழைப்புக்குறி என்ன என்றார். இல்லை என்றேன். பிறகு, "வணக்கம் சொன்னதாச் சொல்லுங்க" என்றார். சொல்லலாமா கூடாதா என்று விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அக்காவின் கணவர் போன படகு கரை திரும்பவில்லை. முதலாளி வீட்டு செட்டில் பழுது என்றார்கள். மதியம் நனைந்தபடி மாடிக்கு வந்து உட்கார்ந்தார். படகு பேசும் அலைவரிசை வேறு, என் ரேடியோவில் அது வராது என்று முன்பே அவருக்குச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொன்னேன்.

"தெரியும்க்கா. போடுங்க."

போட்டேன். ஆசிரியர் கூட அன்று வரவில்லை. வெறும் இரைச்சல். குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலேயே தேடினேன். இது அவரை ஏமாற்றுவதாகுமோ என்று தோன்றியது. அணைக்கக் கை நீட்டினால், "இருக்கட்டும்" என்றார். நாலரைக்குக் கடைக்குப் போகவில்லை. மழை என்று போன் செய்து சொன்னேன்.

மறுநாள் காலையில் படகு வந்துவிட்டது. வேறு கரையில் ஒதுங்கி நின்றிருந்தார்களாம். கடைக்குப் போகும் வழியில் அவர் கணவரைத் தெருமுனையில் பார்த்தேன், ஈரத் துணியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மதியம் இரண்டேகாலுக்கு அக்கா வழக்கம்போல வந்தார். நாகர்கோவில் பெண் அழைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று அவரிடம் சொல்ல மைக்கை எடுத்தேன்.

"அங்க மழை விட்டுதான்னு கேளுங்கக்கா" என்றார் அக்கா.

அதை என் கேள்வியாகவே கேட்டேன். காலையிலேயே விட்டுவிட்டது, துவைத்த துணியெல்லாம் மாடியில் காய்கிறது என்று பதில் வந்தது. யாரிடம் எப்போது பேசினேன், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதும் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறேன். மழையைப் பற்றி எழுத அதில் கட்டம் கிடையாது. ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, துணி காய்கிறது என்று எழுதினேன்.