படிக்காமல் போட்ட மதிப்பெண்

ஆவடியில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரை எனக்குத் தெரியாது.

"மேடம், எங்க கேமுக்கு மார்க் போட்டதுல நீங்களும் ஒருத்தர்னு சொன்னாங்க. பூந்தமல்லி பஜார்ல கடை வெச்சிக்கீறேன். பத்தொன்பதாவது ஸ்டேஜை என் எதிர்ல ஒரு தபா ஆடிக் காட்டுங்க. அப்பால நீங்க சொல்றத ஒத்துக்குறேன்."

அன்று மாலை ஆறு மணிக்குப் பட்டியல் வெளியாக இருந்தது. செய்தியைப் பார்த்தபோது மணி பத்தரை.

எந்தப் பட்டியல், எதற்கு மார்க் என்று சொல்லிவிடுகிறேன். கட்டம் கட்டமாகப் பிரித்த நிலத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. நம் ஆட்கள் ஒரு சுற்று நகர்ந்தால் எதிரி ஒரு சுற்று நகர்வான். ஒருவர் செத்தால் செத்ததுதான். கதை முடியும்வரை திரும்பி வரமாட்டார். அந்த விளையாட்டின் ரசிகர்கள் சிலர் அதன் படங்களையும் நிலங்களையும் கதையையும் மாற்றித் தாங்களே புதிதாக ஒன்றைச் செய்து இலவசமாகக் கொடுப்பார்கள். மாட் என்று சொல்வோம். தமிழில் மாட் செய்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. மூன்று பேர் ஆடிப் பார்த்து மார்க் போடுவோம். தேறினால் பட்டியலில் ஏறும். ஏறாததை யாரும் சீந்துவதில்லை.

அந்த மூவரில் நான் ஒருத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. குழுவிலும் அதே பெயர். "அந்தம்மா கையில மாட்டினா அவ்ளோதான்" என்று யாரோ எழுதியிருந்ததைப் படம் பிடித்துப் போனில் வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அவர் அனுப்பியிருந்த 'ஏரிப்படை' என்ற மாட், ஏரிக்கரை உடைந்த ஊரிலிருந்து ஜனங்களை மேட்டுக்குக் கூட்டிப் போகும் ஒரு காவல் படையின் கதை. இருபத்து நான்கு ஸ்டேஜ். படங்களுக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன். சண்டைக்கு நாலு. கதைக்கு மூன்று. பத்தொன்பதாவது ஸ்டேஜில் ஐந்தாவது சுற்றின்போது, முன்னறிவிப்பே இல்லாமல், கிழக்குப் பக்கத்திலிருந்து குதிரைப்படை வந்து வந்த சுற்றிலேயே அடித்தது. பின்வரிசையில் நிறுத்தியிருந்த மருத்துவச்சி செத்தாள். மூன்று முறை ஆடினேன். அந்த இடத்துக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் போனார்கள். 'இது சவால் இல்லை, ஏமாற்று' என்று எழுதினேன். பட்டியலுக்கு முன்பே மார்க்கும் குறிப்பும் அவருக்குப் போயிருந்தன.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் தீர்ப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரில் போய் நிரூபித்துவிட்டு வந்தால் அவருக்கே புரியும் என்று நினைத்தேன். நட்டநடுப் பகல், ஜனம் நிறைந்த பஜார். வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பருத்திப்பட்டு தாண்டும்வரை என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அது கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. பெரிய தையல் இயந்திரம் ஒன்று பாதி இடத்தை அடைத்துக்கொண்டு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜாக்கெட் கைகளுக்குப் பூவும் மயிலும் வரைந்து ஊசிக்குக் கொடுக்கிற அதே கம்ப்யூட்டரில்தான் ஏரிப்படையின் படங்களையும் புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார். அவர் மனைவி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தைத்து முடித்த துணியில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்து, வா என்றார்.

"மேடம் வந்துட்டாங்க" என்று கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் நின்றதும் கடை சின்னதாகிவிட்டதுபோல இருந்தது. "டீ சொல்லட்டுமா?"

"வேணாம் பாய். ஆடிக் காட்டிட்டுக் கிளம்பறேன்."

"ஆடுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

பத்தொன்பதாவது ஸ்டேஜ் திறந்தது. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மனைவி ஸ்டூலைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்க விளையாடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் முதல் இரண்டு சுற்று சுத்தமாக ஆடினேன். வில்லாளியைப் பாறைமேல் ஏற்றினேன். ஜனங்களைத் தோப்புக்குள் அனுப்பினேன். மருத்துவச்சியை வழக்கம்போலப் பின்னால் நிறுத்தினேன்.

மூன்றாவது சுற்றில் திரையின் அடியில் ஒரு பேச்சுக் கட்டம் வந்தது. என் இடது கைச் சுண்டுவிரல் தானாக, பேச்சைத் தாண்டிப் போகும் பொத்தானை அழுத்தியது. கட்டம் மறைந்தது.

"நிறுத்துமா" என்றார் மனைவி.

திரும்பிப் பார்த்தேன்.

"இப்ப ஒண்ணு வந்துச்சே, இன்னா எழுதியிருந்துச்சு?"

"எதுலக்கா?"

"இப்பத்தான் போச்சே. ஆடு மேய்க்கிறவ பேசினாளே."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "ஆடு காணாமப் போச்சுன்னு தேடுவா" என்றேன்.

அவர் கணவரை நிமிர்ந்து பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

"ஆடு காணாப்பூடறது நாலாவது ஸ்டேஜு" என்றார் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "அங்கேயே அது கெடைச்சும் பூடும்."

கடைக்காரர் குனிந்து, என் கையை விலக்காமலேயே மௌஸை எடுத்து ஸ்டேஜை முதலிலிருந்து திறந்தார். என் நகர்த்தல்களையே வரிசையாகச் செய்தார். மூன்றாவது சுற்று வந்தது. பேச்சுக் கட்டம் வந்தது. இந்த முறை யாரும் எதையும் அழுத்தவில்லை. மனைவி திரையைப் பார்க்காமலே சொன்னார்:

"கெழக்கால ஏரியில கொக்கெல்லாம் ஒண்ணா எழும்புதே. இந்நேரத்துல அதுங்களை யாரு கெளப்புறாங்க?"

திரையிலும் அதுவேதான் இருந்தது. நான்காவது சுற்றில் படகுக்காரன் பேசினான். கிழக்கே வாய்க்கால் தண்ணீர் கலங்கி வருகிறது, மேலே யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்றான். கடைக்காரர் மருத்துவச்சியைப் பின்வரிசையிலிருந்து எடுத்துத் தோப்புக்குள் வைத்து, ஈட்டிக்காரர்கள் இரண்டு பேரைக் கிழக்கே திருப்பி நிறுத்தினார். ஐந்தாவது சுற்றில் குதிரைப்படை வந்தது. ஈட்டியில் மோதி நின்றது. ஒருவரும் சாகவில்லை.

முன்னறிவிப்பு இரண்டு முறை வந்திருக்கிறது. நான் மூன்று முறை ஆடி, மூன்று முறையும் விரலால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் நாள் முழுக்க நான் செய்வது இதுதான். திரையில் வரும் எழுத்தைப் படிக்க மாட்டேன். பொத்தான் வேலை செய்கிறதா, கணக்குச் சரியாக வருகிறதா, அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டையும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

மனைவி கத்தரியை மடியில் வைத்தார். "'வசனங்கள் நீளம். கதைக்கு உதவவில்லை.' நீதானே எழுதினே?"

ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்.

"ஆமாக்கா."

"எத்தினி ஸ்டேஜு படிச்சே?"

"மொத ரெண்டு."

"மீதி இருபத்திரெண்டு?"

வெளியே பழ வண்டிக்காரர் ஒருவர் விலை கூவிக்கொண்டு போனார். கடைக்காரர்தான் பேசினார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"படம்தான் மேடம் நான் போட்டது. பேச்சு மொத்தமும் இவுங்க எழுதினது. வேலை முடிஞ்சி நோட்டுல எழுதுவாங்க, நான் டைப் பண்ணுவேன். ஆடு மேய்க்கிறவ பேச்சு சரியில்லைனு எத்தினியோ தபா மாத்தினாங்க."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். ஆறு மணிக்கு இன்னா ஆவும்?"

"பேசிட்டுச் சொல்றேன்" என்று எழுந்தேன். அவர் மறுபடி கத்தரியை எடுத்து நூல் வெட்ட ஆரம்பித்தார். நான் படியிறங்கும்போது பின்னால் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி வண்டிகள் இரண்டு என் முன்னாலேயே புறப்பட்டுப் போயின. ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, குழுவை நடத்துகிறவருக்கு எழுதினேன். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூட ஆசிரியர்போல நிதானமாகப் பேசுவார்.

முதலில் எழுதியது இது: 'ஏரிப்படைக்கு நான் போட்ட மார்க்கில் ஒரு தொழில்நுட்பத் தவறு நடந்துவிட்டது. மாற்றித் தரலாமா?' அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகு வாசித்துப் பார்த்தேன். தவறு தானாக நடந்ததுபோல இருந்தது.

இரண்டே நிமிடத்தில் அவர் கூப்பிட்டார்.

"என்ன தவறும்மா? அவங்க ஃபைல்லயா, உங்க கம்ப்யூட்டர்லயா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் போதும். என் கம்ப்யூட்டரில் என்று சொன்னால் மார்க்கை மாற்றியிருப்பார். கடைக்காரருக்கும் பட்டியலில் இடம் கிடைத்திருக்கும். என் பெயரும் அப்படியே நின்றிருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூடத் தோன்றியது. 'என் கம்ப்யூட்டர்லதான்' என்று சொல்லியும் விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"சரியா கேக்கலை. என்ன சொன்னீங்க?"

இரண்டாவது தடவை அதே பொய்யைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நான் வசனம் படிக்கலை சார். தாண்டித் தாண்டி ஆடினேன். கதைக்குப் போட்ட மூணு மார்க்கும் படிக்காமப் போட்டது. ஸ்டேஜ்ல தப்பில்லை. தப்பு என்மேலதான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இந்த ஒண்ணுதானா?" என்றார். "மத்ததெல்லாம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே இருந்தது.

"மத்ததும் அப்படித்தான் சார். நான் விலகிக்கறேன்."

"சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

ஆறு மணிக்குப் பட்டியல் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். ஏரிப்படை அதில் இல்லை. கீழே ஒரு குறிப்பு இருந்தது: ஒரு மதிப்பீட்டாளர் தன் தவறை ஒப்புக்கொண்டு விலகியிருக்கிறார், அவர் மதிப்பிட்ட மாட்கள் எல்லாம் வேறொருவரால் மறுபடி பார்க்கப்படும். என் பெயரைப் போடவில்லை. ஆனால் மூவரில் யார் குறைந்தது என்று எண்ணத் தெரியாதவர்கள் யாருமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் திட்டுகள் வரத் தொடங்கின. 'அந்தம்மா கையில மாட்டினா' என்று எழுதியிருந்தவரே முதல் ஆளாக வந்தார். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சாதம் வடித்தேன்.

கடைக்காரருக்கு நடந்ததைச் சொன்னேன். 'சரி மேடம்' என்று மட்டும் பதில் வந்தது.

அதன் பிறகு ஏரிப்படையை முதல் ஸ்டேஜிலிருந்து, விரலை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு ஆடினேன். எனக்கு அது எளிதாக இல்லை. பழக்கதோஷத்தில் விரல் துடிக்கும். வேலைக்குப் போய்வந்தது போக மிச்ச நேரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கதை நன்றாக இருந்தது. எல்லா இடத்திலும் என்று சொல்ல மாட்டேன். படகுக்காரன் அளவுக்கு மீறிப் பேசினான், வீரர்கள் சாகும்போது சொல்கிற பேச்சு சிலது ஒரே மாதிரி இருந்தது. ஆனால் ஆடு மேய்க்கிறவள் பேசும்போதெல்லாம் நான் கையைக் கட்டிக்கொண்டு படித்தேன். இருபத்திரண்டாவது ஸ்டேஜில் நிஜமாகவே ஒரு பிழை இருந்தது. முந்தின ஸ்டேஜில் செத்துப்போனவன் அங்கே வந்து பேசினான். எழுதி அனுப்பினேன்.

அன்று மாலையே கடைக்காரரின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது மனைவி.

"செத்தவன் பேசறான்னு போட்டிருக்கியே, இன்னா பேசறான் சொல்லு."

"மேட்டுல அடுப்பு மூட்டுறாங்களா, பொகை தெரியுதான்னு கேக்கறான்க்கா."

"ம்" என்றார். "மாத்திடறோம்." வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அடுத்த பட்டியலில் ஏரிப்படை ஏறியது. புதிதாக வந்த மதிப்பீட்டாளர் சண்டைக்கு என்னைவிட ஒரு மார்க்தான் கூடப் போட்டிருந்தார். கதைக்கு ஒன்பது.

என் பழைய மதிப்பீடுகள் ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கப்பட்டன. பலவற்றில் பெரிய மாற்றமில்லை. ஒரு மாட், கல்லூரி மாணவர் ஒருவர் செய்தது. என் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தன் ஃபைல்களையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டாராம். மறுபடி மார்க் போடக் குழுவிடம் எதுவும் இல்லை. என் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி கிடந்தது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்து ஆடினேன். சண்டை சுமார்தான். ஆனால் இரண்டு சகோதரிகள் எதிரெதிர்ப் படையில் நின்று பேசிக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. முன்பு அதை ஒரு விநாடியில் தாண்டியிருக்கிறேன். எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று நான்கு பக்கத்துக்கு எழுதி, அந்தப் பிரதியையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. மறுநாள் பதில் வந்தது.

'இப்ப எதுக்கு?'

அதற்கு இன்னும் நான் எதுவும் எழுதவில்லை.