மூன்றடி தள்ளி நின்ற கிடா

தையல்காரம்மாவின் இடது மணிக்கட்டை உடைத்தது வேறு யாருமில்லை, அவள் வீட்டுச் செம்மறிக் கிடாதான். தாய் ஒதுக்கிய குட்டியாக வந்ததைக் கணவர் மடியில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். "மாப்ளே" என்றால் ஓடி வரும். வளர்ந்த பிறகும் ஓடித்தான் வந்தது, தலையைக் குனிந்துகொண்டு. அவர் இருந்தவரை ஓர் அதட்டலில் அடங்கியது. அவர் போன மறுமாதம், தண்ணீர் ஊற்றக் குனிந்தவளைப் பின்னாலிருந்து தூக்கிப் போட்டது.

மாப்பிள்ளையை விற்றார்கள். "இன்னொரு தடவை விழுந்தே, நிலத்தை வித்துட்டு என்கூட வந்துரணும்" என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் குடியிருப்பது நான்காவது மாடி. அரை ஏக்கரும் கணவர் நட்ட வேலியும்தான் அவளுக்கு மிச்சம்.

கை கூடியதும் இருவரும் ஆட்டுப் பண்ணைக்குப் போனார்கள். பண்ணைக்காரர் கொம்பில்லாத ஓர் இனத்தைக் காட்டினார். கம்பளி கிடையாது, குட்டை முடிதான். அதுவும் கோடையில் தானே உதிர்ந்துவிடும்.

"நல்லதாப் போச்சு. மனுஷங்களுக்குக் கத்தரி பிடிச்சே கை ஓஞ்சு போச்சு, இதுங்களுக்கும் பிடிக்க முடியாது" என்றாள் தையல்காரம்மா.

"புல்லும் நிழலும் போதும்மா, வாயத் தொறக்காது. என் மச்சானுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார் பண்ணைக்காரர்.

அதற்குள் ஒரு கிடாக்குட்டி வந்து மகனின் விரலைச் சப்பியது. "அம்மா, பூனைக்குட்டியேதான்! இதையே எடுத்துக்கலாம்."

"புட்டிப்பாலா?" என்று அவள் பண்ணைக்காரரைக் கேட்டாள். ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.

"வேணாம்ப்பா. மனுஷன்கிட்ட பயமே இல்லாத கிடா இது. இன்னிக்கு விரலைச் சப்பும், நாளைக்கு எலும்பை எண்ணும்."

"அப்பா ஆசையாத்தானே வளர்த்தாரு?"

"ஆசையாத்தான்" என்றாள்.

பிறகு வளர்ந்த கிடாக்கள் மூன்று நின்ற பட்டிக்குள் போய், முதுகைக் காட்டிக் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். "அம்மா!" என்று மகன் பதறினான். ஒன்று காலால் தரையைத் தட்டியது. இன்னொன்று நெருங்கி வந்தது, பண்ணைக்காரர் விரட்டினார். மூன்றாவது, மூன்றடி தள்ளிப் போய் நின்று அசைபோட்டது.

"இது" என்றாள். கூடவே நான்கு பெட்டைகள்.

மறுநாள் சாயங்காலம் வாளியோடு பட்டிக்குள் நுழைந்தாள். வேலிக்கு வெளியே மகன் கம்போடு காவல். தொட்டியில் தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது மணிக்கட்டு குறுகுறுத்தது. பின்னால் குளம்புச் சத்தம் எழுந்து, விலகிப் போனது.

"போதும்மா, வா" என்ற மகன் கம்பைக் கீழே போட்டான். நிலத்தைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.

பட்டிக்கதவைச் சாத்தும்போதுதான் அவளுக்கு உறைத்தது: உள்ளே இருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.