பல்லிக்கு அவள் பேர் வேண்டாம்

நானும் அவளும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில் விலங்கியல் நடத்தினோம். எனக்குச் சாத்தான்குளம் பக்கம். அவள் கடற்கரைக்காரி, அப்பா சங்கு குளித்தவர். ஆனால் வள்ளத்தில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும். "கடலுக்கு என்னையப் பிடிக்கல, நான் பல்லியப் பிடிச்சிக்கிட்டேன்" என்பாள். எனக்குப் பல்லி ஒரு பாடம். அவளுக்கு அது பைத்தியம்.

ஓட்டப்பிடாரம் தாண்டி ஒரு பொத்தை, அதாவது சின்னப் பாறைக்குன்று. வெயிலுக்கு ஆடுகள் ஒதுங்குகிற ஒரு குகை அதில் இருக்கிறது. அந்தக் குகையின் கூரையில்தான் அந்தப் பல்லிகளைப் பார்த்தோம். வீட்டுப் பல்லிக்குப் பூனைக்கு இருக்கிற மாதிரி கீற்றுக் கண்மணி. இதுகளுக்கு வட்டமாக இருந்தது, பட்டப்பகலில் வேறு ஓடித் திரிந்தன. "புதுசா இருக்குமோளா?" என்று கேட்டேன். "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி. எண்ணாம எதுவும் சொல்லக்கூடாது" என்றாள்.

எண்ணுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆண் பல்லியின் தொடையடியில் ஊசியால் குத்தினது போலத் துளைகள் இருக்கும். அவை எத்தனை, எங்கே தொடங்கி எங்கே நிற்கின்றன, விரலடியில் செதில் எத்தனை என்று பார்த்துத்தான் இன்ன இனம் என்று பிரிக்கமுடியும். எனக்குப் பாதியிலேயே கண் பூத்துப்போகும், டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டால் கல்லூரி மணி அடித்தாலும் கேட்காது. பக்கத்துக் குன்றுகளில் இருக்கும் இனத்துக்குத் தொடையில் மட்டும்தான் துளை, இதற்கு வால் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னாலும் ஒரு வரிசை இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த ஆய்வாளருக்கு மாதிரிகளை அனுப்பினோம். டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரும் புது இனம்தான் என்றார். மூன்று பேர் பெயரிலும் கட்டுரை எழுதுவதாகப் பேச்சு.

அதற்குள் அவளுக்குப் புற்றுநோய் கண்டு, ஈரல்வரை போய்விட்டது.

கட்டுரையின் வரைவை ஆய்வாளர் எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்பினார். எழுதியவர்கள் வரிசையில் அவள் பேர் இல்லை. பல்லிக்கு அவள் பேரை வைத்திருந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை எழுதுகிறவர் தன் பேரையே இனத்துக்கு வைத்துக்கொள்வது மகா அசிங்கம். ஒருவரைக் கௌரவிக்க நினைத்தால் அவரை எழுதியவர் வரிசையிலிருந்து எடுத்துவிடவேண்டும். அவள் நிலைமை தெரிந்து, நல்ல மனதோடுதான் அவர் அப்படிச் செய்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் சிவந்து.

"ஏளா, எனக்கு மால போட்டாச்சா?"

"நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காரு..."

"நல்லதாம் நல்லது, மண்ணாங்கட்டி! எண்ணுனது ஆரு? எழுதுனது ஆரு? செத்தவளுக்குத்தான பேரு வைப்பிய. நான் இன்னும் சாவலளா!"

துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரருக்கு அந்த வரைவு ரொம்பப் பிடித்திருந்தது. "நூறு வருசம் கழிச்சும் உன் பேரு இருக்கும்லா" என்றார். "அப்ப நான் இருக்கமாட்டேன்னு நீங்களும் முடிவு கட்டிட்டியளா?" என்று கேட்டாள். மனுஷன் வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் அவள் பக்கம்தான்.

அன்றைக்கே ஆய்வாளருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டு, அவள் பேரை முதல் ஆசிரியராகச் சேர்த்தார். பல்லிக்குப் பொத்தை இருக்கும் ஊரின் பேர் என்று அவளே முடிவு செய்தாள். மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு, துளைகளைப் பற்றிய பத்தியை அடித்து அடித்துத் திருத்தினாள். நான் எழுதட்டுமா என்றதற்கு என்னை முறைத்தாள்.

கட்டுரை அச்சாகும் முன்னே போய்விட்டாள். பாவி மகள், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா?

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஆய்வாளர் கூப்பிட்டார். இன்னும் மாற்றலாம், இனி யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஆசிரியராகவும் இருக்கட்டும், பல்லிக்கும் அவள் பேரே இருக்கட்டும் என்றார். வீட்டுக்காரரும் என்னிடம் கெஞ்சினார். "அவ காதுலயா விழப்போவுது? என் பிள்ளைகளுக்கு ஒரு பேராவது மிஞ்சட்டும்மா." வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்குத்தான் தெரியுமே. முடியாது அண்ணே என்றேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். மாதா கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நான் இறங்கவில்லை.

கட்டுரை வந்தது. அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கி முதல் வரியில் அவள் பேரைத் தேடினார். பேர் முதலில்தான் இருந்தது. அதன் தோளில் சின்னதாக ஒரு சிலுவை. எழுதியவர் இறந்துவிட்டால் எங்கள் பத்திரிகைகள் போடும் குறி. போடவேண்டாம் என்று எழுதிக் கேட்டிருந்தேன், விதி என்று சொல்லிப் போட்டுவிட்டார்கள்.

அவர் அந்தச் சிலுவையை விரலால் தொட்டார். பழக்கத்தில் விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். பிறகு, அத்தனை நாளைக்கப்புறம் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"இதப் பாத்திருந்தா சண்ட போட்டிருப்பால்லா?"

"என்னைக் கொன்னுருப்பா அண்ணே" என்றேன். வாசலிலேயே நின்று இரண்டு பேரும் அழுதோம்.